புல்தரைக்குப் பதிலாகப் பொடுதலை: மிதி தாங்குமா?

கேள்வி:
வீட்டு முன்னால் 20 அடிக்கு 15 அடியில் புல்தரை. பத்து நாள் வெட்டாமல் விட்டால் கணுக்காலைத் தொடுகிறது, தண்ணீர் தவறினால் வைக்கோலாகிறது. முழங்கால் வலியோடு இனி வெட்டும் இயந்திரத்தைத் தள்ள முடியாது. சிமென்ட் போட்டு மூடவும் மனம் வரவில்லை. தரையோடு படரும் பொடுதலைக் கொடியைப் போடலாம் என்கிறார்கள். பேரன் அங்கேதான் பந்து விளையாடுவான். தாங்குமா?

பதில் 1:
தாராளமாகப் போடுங்கள் ஐயா. நான் நான்கு வருடமாக வளர்க்கிறேன். மிதிபட மிதிபடத் தரையோடு படிந்து, இலையும் சின்னதாகிவிடும். கொடி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கியிருக்கும். ஓர் இடத்தில் பிய்ந்தாலும் பக்கத்துக் கணு பிழைத்துக்கொள்ளும். ஆனால் தினமும் ஒரே தடத்தில் நடந்தால் வழுக்கை விழும். அங்கே கல் பதித்துவிடுங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கோரையை மேலாகப் பிடுங்கிவிட்டு நட்டேன். கிழங்கெல்லாம் உள்ளேயே இருந்தது. மூன்றே வாரத்தில் பொடுதலைக்கு நடுவே ஊசி ஊசியாகக் கிளம்பியது. முதல் வருடம் முழுக்கக் களை எடுத்தே போயிற்று. அதனால் முதலில் தோண்டிக் கிழங்கைப் பொறுக்குங்கள். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, மறுபடி முளைப்பதையும் எடுத்துவிட்டு நடுங்கள். நாற்றாக வாங்க வேண்டாம். நான்கைந்து கணு உள்ள தண்டாக வெட்டி, இரண்டு கணுவைப் புதைத்தால் போதும். அடிக்கு ஒன்று என்றால் உங்கள் இடத்துக்கு ஏறக்குறைய 300 துண்டு. வேர் பிடிக்கும்வரை மண் காயக் கூடாது, அப்புறம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
நல்ல வெயில் இருந்தால் மட்டும். என் மரத்தடியில் பொடுதலை தண்டு நீண்டு, மண் தெரிகிற மாதிரி வளர்ந்தது. அந்த ஈர நிழலில் இப்போது வல்லாரை இருக்கிறது, ஆனால் அதன் மேல் விளையாட முடியாது. இன்னொன்று, யாராவது வெடேலியா என்ற மஞ்சள் பூப் படர்கொடியை நடச் சொன்னால் கேட்காதீர்கள். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. பொடுதலையும் ஓரம் தாண்டும்தான், விளிம்பை அவ்வப்போது மண்வெட்டியால் வெட்டிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பூவுக்குத் தேனீ வருமாமே? பையன் வெறுங்காலோடு ஓடுவான்.

பதில் 1:
வரும், நிறையவே. ஊதா நடுவைச் சுற்றி வெள்ளைப் பூ வளையம், முற்றினால் திப்பிலி போல நீளும். காலையில் குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு தேனீயோ சின்ன வண்ணத்துப்பூச்சியோ இருக்கும். எனக்கு அதைப் பார்ப்பதற்காகவே இது பிடிக்கும். விளையாடும் பகுதியில் மட்டும் பூக்கும் காலத்தில் மாதம் ஒரு தடவை மேலாக வெட்டிப் பூவை எடுத்துவிடுங்கள், வேலியோரம் பூக்கட்டும். வெட்டிய பிறகும் ஒன்றிரண்டு தலைகாட்டும். அந்த நாட்களில் பையனுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள்.