எட்ஜ் ஹைலைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆதன்:
அனைவருக்கும் வணக்கம். வார்ஹாமர் 40,000 போன்ற அறிபுனைப் போர் விளையாட்டுகளின் 28 மி.மீ. உருவங்களுக்கு வண்ணம் பூசும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எட்ஜ் ஹைலைட்டிங் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அடிநிறத்தைவிட வெளிறிய வண்ணத்தைப் பால் பதத்தில் கரைத்து, தூரிகையைத் தாளில் ஒற்றி, நுனியை விட்டுப் பக்கவாட்டால் கவச விளிம்பில் இழுப்பது. 'விளிம்பு தீட்டல்' என்று வைத்திருக்கிறேன். சரியா?

கிள்ளி:
வேண்டாம். படிப்பவர் அரத்தை எடுத்துக்கொண்டு கவசத்தைக் கூர்தீட்டப் போய்விடுவார். விளிம்பு + ஒளி = விளிம்பொளி. குற்றியலுகரம் கெட்டு அழகாகப் புணர்கிறது.

வெண்ணி:
ஐயா, புணர்ச்சி சரி, பொருள் தப்பு. ஆளின் பின்னால் விளக்கு வைத்து எடுக்கும் படத்துக்குத்தான் விளிம்பொளி பொருந்தும். அங்கே விளக்கு உண்டு. இங்கே வெளிச்சமே எட்டாத முழங்கால் மடிப்பின் அடியிலும் கோடு ஓடுகிறது. உருவத்தை 1/56 அளவு என்று கொண்டால், அரை மி.மீ. கோடு நிஜத்தில் 2.8 செ.மீ. பட்டை. எந்தக் கவசத்தில் அப்படி இருக்கிறது? மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு வடிவம் பிடிபட வேண்டும், அதற்கான உத்தி இது. 'ஓரத்தீற்று' என்கிறேன். சுவரில் சுண்ணம் தீற்றுகிறோமே, அந்தத் தீற்று.

கிள்ளி:
'தீற்று' இன்று யாருக்குப் புரியும்? விளிம்போ 'விள்' என்ற வேரில் பிறந்தது என்பது என் துணிபு: பிரி, பிள, மலர். வரைக்கும் வரம்புக்கும் உள்ள உறவைப் பாருங்கள். அந்த வரம்பிலிருந்து வயலுக்குப் போனால்...

நள்ளி:
வயலுக்கு அப்புறம் போகலாம். இந்தப் பாணி தூரிகையில் தொடங்கவில்லை, சிற்பத்திலேயே இருக்கிறது. தலை, கை, துப்பாக்கி எல்லாமே உடலளவுக்கு மீறிப் பெரியவை. கவச ஓரங்களும் வேண்டுமென்றே தடித்தவை. சிற்பம் வடிக்கும் கிரீன் ஸ்டஃப் என்ற எபாக்சி மக்கு இறுகிய பிறகும் சற்று நெகிழும், அரத்துக்கு இழுபடும். கூர்மையான ஓரம் வேண்டுமென்றால் கெட்டியாக இறுகும் இன்னொரு மக்கான மில்லிபுட்டைக் கலப்பார்கள். அந்த ஓரத்தைக் காட்டத்தான் கோடு.

ஆய்:
மெய்ம்மைப் பக்கத்திலிருந்து ஒரு சொல். தேய்ந்த கவச வண்டியின் மாதிரி செய்பவர்கள் பலர் இந்தக் கோட்டையே போடமாட்டார்கள். பிய்த்த பஞ்சுத்துண்டை அடர்பழுப்பில் தோய்த்து, பெரும்பகுதியைத் தாளில் துடைத்துவிட்டு, காலும் கையும் உரசும் இடங்களில் மட்டும் ஒற்றுவார்கள். அதற்கும் விளிம்பில்தான் வேலை. ஆகவே 'விளிம்பு' மட்டும் போதாது, 'ஒளி' வேண்டும், பொய்யொளியாக இருந்தாலும்.

ஆதன்:
நன்றி. முதல் இடத்தில் 'எட்ஜ் ஹைலைட்டிங் எனும் விளிம்பொளி', பிறகு விளிம்பொளி மட்டும். நேரமில்லை, மூவர் ஒப்பியதாக எடுத்துக்கொள்கிறேன்.

நள்ளி:
நான் எதையும் ஒப்பவில்லை. ஹைலைட் என்றே விட்டிருந்தாலும் குடி முழுகாது.

வெண்ணி:
என் மறுப்பும் பதிவாகட்டும். வண்ணம் நீர்த்துப்போனால் கோடு நிற்காமல் பள்ளத்தில் இறங்கிவிடும் என்ற எச்சரிக்கை கையேட்டில் வருமே. 'விளிம்பொளி வழியும்' என்றா அச்சிடுவீர்கள்? ஒளி எங்காவது வழியுமா?

கிள்ளி:
நிலவொளியை வழியவிடாத கவிஞர் ஒருவரைக் காட்டுங்கள், சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.