கண்ணாடி பிம்பக் கொலஸ்ட்ராலைச் செல் சவ்வு கண்டுபிடித்துவிடுமா?

செமினார்_பயம்:
எம்.எஸ்சி. செமினாருக்குச் சவ்வுக் கொழுப்புகளை எடுத்திருக்கிறேன். கொலஸ்ட்ராலில் 8 கைரல் மையங்கள் (இடது கை, வலது கை போல இரண்டு விதமாக அமையக்கூடிய கார்பன்கள்), கணக்குப்படி 256 வடிவங்கள் வரலாம், உயிரினங்கள் செய்வதோ ஒன்றே ஒன்று. அந்த எட்டையும் மொத்தமாகத் திருப்பிய கண்ணாடி பிம்பத்தை (எண்ட்-கொலஸ்ட்ரால்) ஆய்வகத்தில் செய்து சவ்வில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சவ்வில் பக்கத்தில் இருக்கும் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பும் கைரல்தானே, அப்படியென்றால் செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி உறுத்த வேண்டாமா?

லிப்பிட்_அண்ணன்:
கொள்கைப்படி உறுத்தத்தான் வேண்டும். ஆனால் டவுன் பஸ் நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் இடது கைக்காரரா என்று யாருக்குத் தெரியும்? கொலஸ்ட்ராலின் தட்டையான வளையம் கொழுப்பமில வால்களுக்கு நடுவே நிற்கிறது, அந்த வால்கள் சும்மா இருப்பதே இல்லை, நெளிந்துகொண்டே இருக்கும், அதனால் இறுக்கமான பிடி எதுவும் உருவாவதில்லை. முட்டை ஸ்பிங்கோமைலின் இருபடலத்தில் இரண்டையும் வெப்ப அளவியில் வைத்துப் பார்த்த 2003 ஆய்வில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. (2001-இல் ஒற்றைப் படலத்தில் வித்தியாசம் தெரிந்ததாக ஒரு கட்டுரை வந்தது, அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், கேள்வி கேட்பவர் கட்டாயம் கேட்பார்.)

புரதம்தான்_முக்கியம்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அதே இடது கைக்காரரைக் கல்லூரியில் வலப்பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள், உடனே தெரியும். புரதத்தின் பள்ளம் அப்படித்தான். கிர் வகைப் பொட்டாசியம் சேனல்கள் (சவ்வு வழியே பொட்டாசியத்தை விடும் புரதங்கள்) சிலவற்றை இயற்கைக் கொலஸ்ட்ரால் அடக்குகிறது, பிம்பம் அடக்கவில்லை (2011). பாக்டீரியாவின் கிர்பேக் சேனலைச் சுத்திகரித்துச் செயற்கைக் கொழுப்புப் பைகளில் வைத்தபோதும் அதே கதை. சவ்வின் இறுக்கம்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி அடக்கியிருக்கும் அல்லவா?

செமினார்_பயம்:
எபிகொலஸ்ட்ராலை வைத்தே இதைச் சோதிக்கக் கூடாதா, பிம்பத்தைவிட அது எளிதாகக் கிடைக்குமே?

லிப்பிட்_அண்ணன்:
அதில் 3-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் மட்டும் திரும்பியிருக்கிறது, மூலக்கூறின் வடிவமே மாறி சவ்வில் அது செய்யும் வேலையும் மாறிவிடும், அப்புறம் வித்தியாசம் சவ்வால் வந்ததா புரதத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பிம்பத்தில் உருகுநிலை, கரைதிறன் எல்லாம் அப்படியே இருக்கும், ஒளியைச் சுழற்றும் திசைதான் மாறும். ஆய்வகத்தில் அடியிலிருந்து முழுத் தொகுப்பு செய்தால்தான் பிம்பம் கிடைக்கும் என்பது வேறு தலைவலி.

புழு_வளர்ப்பவன்:
"சவ்வுக்குக் கவலையில்லை, புரதத்துக்கு உண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எங்கள் சி. எலிகன்ஸ் புழுவால் கொலஸ்ட்ரால் செய்ய முடியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும், பிம்பத்தை மட்டும் கொடுத்தால் அது ஈடாகவில்லை (2001). ஆனால் 2005-இல் கொலஸ்ட்ராலைச் சொற்பமாகவே செய்யும் ஒரு பிறழ்வு வகை சி.எச்.ஓ. செல்களில் (வெள்ளெலிச் சினைப்பையிலிருந்து வந்தவை) சோதித்தபோது, அந்தச் சொற்ப உற்பத்தியையும் மருந்தால் நிறுத்திய பிறகும் பிம்பத்திலேயே அவை வளர்ந்தன! தாவர பீட்டா-சிட்டோஸ்டெரால் கொடுத்த செல்களுக்கோ, அந்த மருந்துக்குப் பிறகு, துளி கொலஸ்ட்ராலும் சேர்த்தால்தான் வளர்ச்சி திரும்பியது. அதாவது கொலஸ்ட்ராலே வேண்டும் என்று அடம்பிடிக்கும் அந்தச் சின்ன வேலைக்குக்கூட, அந்தச் செல்களில், இடது கையா வலது கையா என்பது முக்கியமில்லை.

செமினார்_பயம்:
ஐயோ, முடிவு ஸ்லைடை மாற்ற வேண்டும். புழுவையும் சி.எச்.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். நன்றி அண்ணா.