செம்பருத்தி ஜீனோம் அளவு: பீக் அகலமாக விழுகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். பெயர்ச்சீட்டு தொலைந்த ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ் என்ற செம்பருத்தி இனத்தின் ரகங்களை வகை பிரிக்க, ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமேற்றிய உட்கருக்களின் ஒளிர்வை அளக்கும் கருவி) ஜீனோம் அளவு பார்க்கிறேன். ஒப்பீட்டுக்குப் பட்டாணி (சிடிராட் ரகம், 2சி, அதாவது ஒரு உடல் செல் உட்கருவிலுள்ள டிஎன்ஏ = 9.09 பிகோகிராம்). இரண்டு இலைகளையும் பஃபரில் ஒன்றாக நறுக்கி, வடிகட்டி, புரோப்பிடியம் அயோடைடு சாயம் சேர்க்கிறேன். நறுக்கும்போதே கொழகொழவென்று ஆகிவிடுகிறது. செம்பருத்தி பீக் (வரைபடத்தில் அதன் உட்கருக்கள் குவியும் முகடு) பட்டாணியின் பாதியை ஒட்டி வருகிறது, ஆனால் சிவி (பீக் எவ்வளவு அகலம் என்று காட்டும் மாறுபாட்டு விகிதம்) 8 சதவீதம். அதே செடியை மறுநாள் அளந்தால் வேறு எண். இதை நம்பலாமா?

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம். சிவி 5-க்கு மேல் போனால் அந்த அளவை ஒதுக்கிவிடுங்கள். 3-க்குள் வந்தால் நிம்மதி. கொழகொழப்பு உட்கருக்களை ஒட்ட வைத்துவிடும். அதோடு இலையிலுள்ள பீனால் பொருட்கள் சாயம் டிஎன்ஏவில் சேர்வதைக் கெடுக்கும். முதலில் பட்டாணியை மட்டும் ஓட்டுங்கள். அப்புறம் கெயினை (கருவியின் சிக்னல் பெருக்க அளவை) மாற்றாமல் செம்பருத்தியோடு ஓட்டுங்கள். பட்டாணி பீக் இடப்பக்கம் நகர்ந்தால் தடுப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

பஃபரில் பிவிபி (பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேருங்கள். முற்றிய இலை வேண்டாம், தளிர் போதும், அதுவும் கொஞ்சமாக. புது பிளேடு, பனிக்கட்டி மேல் தட்டு. ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) விட்டுப்போகக் கூடாது, இந்தச் சாயம் ஆர்என்ஏவிலும் ஒட்டும்.

பதில் 2:
இன்னொன்று. உங்கள் செடி பட்டாணியில் பாதி என்றால், பிரியப்போகும் செல்களின் இரட்டிப்பு உட்கருக்கள் சரியாகப் பட்டாணி பீக்கின் மேலேயே விழும். ஒப்பீடே கலங்கிவிடும். சிவி குறைந்ததும் மக்காச்சோளத்துக்கு (சிஇ-777 ரகம், 5.43 பிகோகிராம்) மாறிப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி! பட்டாணி பீக் நகரத்தான் செய்தது. தளிர், பிவிபி, மக்காச்சோளம் என்று மாற்றியதும் சிவி 3-க்குக் கீழே வந்துவிட்டது. இப்போது ஒரு செடி மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு காட்டுகிறது. வேறு இனமா?

பதில் 1:
அவசரப்பட வேண்டாம். சிரியாக்கஸ் வழக்கமாக நான்மடியம் (செல்லில் நான்கு குரோமோசோம் தொகுதிகள்), மொத்தம் 80 குரோமோசோம் (2என் = 80). ஒன்றரை மடங்கு என்றால் அதே இனத்தின் ஆறுமடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேர்நுனியில் குரோமோசோம் எண்ணுங்கள், 120-ஐ ஒட்டி வந்தால் அதுதான். மற்ற செடிகள் ஒரே அளவு காட்டுவதால் ஒரே ரகம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே மடியமுள்ள இரண்டு ரகங்களை இந்த எண் பிரித்துக் காட்டாது. அங்கே பூவையும் இலையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அல்லது டிஎன்ஏ மார்க்கர் பக்கம் போக வேண்டும்.