பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கப் புனிதர் வரலாறு: எப்படிப் பார்த்து வாங்குவது?

செந்தூல்_அம்மா (கோலாலம்பூர்)

வணக்கம். இரவு செபமாலை முடிந்ததும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து புனிதர் வரலாறு வாசிக்கலாம் என்று திட்டம். பிள்ளைகளுக்கு 13, 9, 6 வயது. மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், சரளமாக வாசிப்பாள். அடுத்தவன் சீனப்பள்ளி, கேட்டால் புரியும், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். பாட்டிக்குப் பேதுரு, பவுல் என்றால் புரியாது, இராயப்பர், சின்னப்பர் என்ற பழைய பெயர்களில்தான் தெரியும். கணவர் பக்கத்து உறவினர்கள் இந்துக்கள், வாரக் கடைசியில் அவர்கள் பிள்ளைகளும் கூட இருப்பார்கள்.

150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிக்கணும். நாளுக்கு ஒரு புனிதர் என்று வரும் தடிப் புத்தகம் ஒன்று போதுமா, தனித்தனி நூல்களா? கோயில் அலமாரியில் கிடக்கும் பழைய நூல்களை நம்பலாமா?

பழைய_ஏடு (பினாங்கு)

தடிப் புத்தகம் நாள் பார்க்க உதவும், வாசிக்க உதவாது. ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் எல்லாப் புனிதரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடுவார்கள்: பக்தியுள்ள பெற்றோர், சிறுவயதிலேயே செபம், துன்பம், மரணம். பத்தாம் நாள் பிள்ளைகளுக்கு யார் யார் என்றே பிரியாது. பெயர்விழா (அவரவர் பெயர் கொண்ட புனிதரின் விழா) பார்க்க ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் 60 முதல் 120 பக்கம் வரும் நூல்களாக நான்கைந்து வாங்குங்கள்.

கடையில் முதலில் புரட்ட வேண்டியது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். பதிப்பு ஆண்டு அங்கேதான். மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், தேவசகாயம் பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பரில் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி), 2022 மே 15-இல் புனிதர் பட்டம். புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை வத்திக்கான் சேர்க்கவில்லை. அதற்கு முந்திய நூலில் 'மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை' என்றிருப்பது பிழை அல்ல, அந்தக் காலத்து நூல், அவ்வளவுதான். ஆனால் 2022-க்குப் பிறகு வந்த 'திருத்திய பதிப்பு' அட்டையில் மட்டும் 'புனித' என்று போட்டுவிட்டு உள்ளே பழையபடியே விட்டிருந்தால், யாரும் திருத்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம். இத்தாலியப் பதின்வயதுப் புனிதர் கார்லோ அக்குதிஸ் பற்றிய நூலுக்கும் இதே சோதனைதான்: அவருக்குப் புனிதர் பட்டம் 2025 செப்டம்பர் 7-இல்.

விழா நாளும் நல்ல அடையாளம். திருத்தூதர் தோமாவுக்கு டிசம்பர் 21 என்று போட்டிருந்தால் அது 1969-க்கு முந்திய திருச்சபை நாள்காட்டி. இப்போது ஜூலை 3. அதே 1969 திருத்தத்தில் கிறிஸ்தோபர் விழா பொது நாள்காட்டியிலிருந்து (உலகத் திருச்சபை முழுவதற்குமான நாள்காட்டி) எடுக்கப்பட்டது. அதை வைத்து 'கிறிஸ்தோபர் புனிதரே இல்லையாம்' என்று எழுதும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். பொது நாள்காட்டியில் விழா இல்லை என்பது வேறு, புனிதர் இல்லை என்பது வேறு.

ஆயரின் 'அச்சிடலாம்' முத்திரையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கோட்பாட்டுப் பிழை இல்லை என்பதற்குத்தான் அந்த முத்திரை. வரலாறு சரியா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அதற்கு ஒரு நல்ல உரைகல் சவேரியார். எந்த மொழிக்காரரிடமும் அற்புதமாக அவரவர் மொழியிலேயே பேசினார் என்று பல நூல்களில் இருக்கும். அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் கையில் இருக்கிறது: முத்துக்குளித்துறையில் மொழி தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழை எழுத்துக் கூட்டும் உங்கள் நடுப் பையனுக்கு இதில் எது பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். கடிதங்களை மேற்கோள் காட்டும் சவேரியார் நூலை வாங்குங்கள். அற்புதப் பட்டியலாக இருப்பதைத் தள்ளுங்கள். மலாக்காவுக்கு ஒரு நாள் போய்வரவும் அது வழி: 1552-இல் இறந்தவரின் உடல் கோவாவுக்குப் போகும் முன் பல மாதம் அங்கே குன்றின் மேல் உள்ள கோயிலில்தான் இருந்தது.

மறைக்கல்வி_ஆசிரியை (பெட்டாலிங் ஜெயா)

ஏடு அண்ணன் சொன்னதோடு, சத்தமாக வாசிக்க முடியுமா என்பதையும் பார்க்கணும் அக்கா. அச்சில் நன்றாக இருக்கும் பல நூல்கள் வாயில் வராது. கடையில் நின்றபடியே நடுவில் ஒரு பத்தியை முணுமுணுத்துப் பாருங்கள். வினைமுற்று வருவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினால் வேண்டாம்.

தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகும். 6 வயதுக் குழந்தை 8 நிமிடத்துக்கு மேல் உட்காராது. ஆக ஒரு இரவுக்கு 700 சொல், சாதாரண அளவுப் புத்தகத்தில் மூன்று பக்கம். அத்தியாயம் ஏழெட்டுப் பக்கமாக இருந்தால் முதலிலேயே பென்சிலால் நிறுத்துமிடம் குறித்துவையுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுநாள் தொடர்ச்சி அறுந்துவிடும். மூத்தவள் வாசிக்கட்டும். நடுப்பையனுக்கு ஒரு இரவுக்கு நான்கு வரி, முன்கூட்டியே பார்த்துவைத்த வரி மட்டும். எல்லார் முன்னாலும் புதுப் பத்தியைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் செபமாலை நேரத்திலேயே வயிறு வலிக்கும்.

மறைசாட்சிகள் விஷயத்தில் கவனம். லாரன்ஸ், ஆகத்தா, செபஸ்தியார் நூல்களில் வதையை விவரிக்கும் பகுதியை நீங்கள் முதலில் தனியாகப் படியுங்கள். சின்னவனுக்கு 'அவரைக் கொன்றுவிட்டார்கள்' என்ற ஒரே வாக்கியம் போதும். மரிய கொரற்றி நூல் பல வீடுகளில் தெரியாமல் வாங்கப்படுகிறது. 11 வயதுச் சிறுமி, நடந்தது பாலியல் தாக்குதல். அதை மூத்தவளோடு நீங்கள் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டிய நூல், குடும்ப வாசிப்புக்கு ஆகாது.

13 வயதுக்குப் பிரெஞ்சுத் துறவி சிறுமலர் தெரேசாவின் தன்வரலாறு பொருந்தும். ஆனால் முன்னுரையைப் பாருங்கள். 1898-இல் வந்த முதல் பதிப்பு அவருடைய அக்கா நிறையத் திருத்தியது. அவர் எழுதியபடியே வெளிவந்தது 1956-இல். பிந்தியதிலிருந்து பெயர்த்த நூல் என்றால் தெரேசாவின் பிடிவாதமும் குறும்பும் அப்படியே இருக்கும். அந்த வயதுக்கு அதுதான் வேண்டும்.

தடிமன்_பார்ப்பவன் (கிள்ளான்)

ஒன்று மட்டும். நடுவில் பின் அடித்த சிறு நூல்கள் நம் ஊர் ஈரத்துக்கு ஆகாது. பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். நூல் தைத்த கட்டாகப் பாருங்கள். பாட்டியும் வாசிப்பார் என்றால் எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையக் கூடாது. மினுமினுத் தாள் வேண்டாம், மேலே விளக்கெரிந்தால் கண் கூசும்.

செந்தூல்_அம்மா

நன்றி. அந்தப் பழைய பெயர் விஷயமும், இந்து உறவினர் விஷயமும்? அப்புறம் மரியாளின் தாய் அன்னம்மாள் பற்றி ஒரு நூல் வேண்டும், ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகிறோம்.

பழைய_ஏடு

பெயருக்கு அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: இராயப்பர் – பேதுரு, சின்னப்பர் – பவுல், அருளப்பர் – யோவான், சந்தியாகப்பர் – யாக்கோபு, முடியப்பர் – ஸ்தேவான், ஞானப்பிரகாசியார் – அலோசியுஸ் கொன்சாகா. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபின் அச்சான நூல்களில் பெரும்பாலும் வலப்பக்கப் பெயர்தான். பாட்டி இடப்பக்கத்தைச் சொல்ல, பிள்ளைகள் வலப்பக்கத்தைச் சொல்லட்டும். ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி, அதாவது கிரீடம் என்று பொருள், அதனால்தான் முடியப்பர். பாட்டியின் பெயர்கள் பல, மொழிபெயர்ப்பாகவே அழகானவை.

இந்து உறவினர் முன் வாசிக்க, 1965-க்கு முந்திய நடையைத் தவிருங்கள். 1965-இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பேரவை) மற்ற சமயங்களைப் பற்றிப் பேசிய தொனியே வேறு. பழைய அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ), தேவசகாயம் நூல்களில் 'அஞ்ஞானிகள்', 'பசாசு வழிபாடு' என்று பத்திக்கு இரண்டு வரும். புரட்டியதும் கண்ணில் படும், அதைக் கண்டால் வைத்துவிடுங்கள். வாசிக்கும்போது சொல்லை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மூத்தவள் வாசித்துக்கொண்டே போகையில் வாய் தவறி வந்துவிடும், விருந்தினர் முகம் வாடிவிடும்.

அன்னம்மாள் பெயர் விவிலியத்தில் இல்லை. சுவக்கீன், அன்னா கதை 2-ஆம் நூற்றாண்டின் 'யாக்கோபு முதல் நற்செய்தி' என்ற, விவிலியத்தில் சேராத நூலிலிருந்து வருவது. இதைச் சொல்லிவிட்டுக் கதையைச் சொல்லும் நூல் நல்ல நூல். சொல்லாமல் வயது, தேதி எல்லாம் போடும் நூலை எடுக்காதீர்கள். விழா ஜூலை 26. திருவிழாக் கூட்டத்தில் நின்று பதிப்பு ஆண்டு பார்க்க முடியாது, ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள்.

பினாங்குக்கு வருகிறீர்கள் என்பதால் இன்னொன்று. கொரியாவில் மறைசாட்சிகளான பிரெஞ்சுக்காரர்கள் இம்பேர், சஸ்தான் இருவரும் 1808-இல் பினாங்குக்கு வந்த பொதுக் குருமடத்தில் (குருக்களைப் பயிற்றுவிக்கும் இடம்) பாடம் நடத்தியவர்கள். 1839 செப்டம்பர் 21-இல் சியோல் அருகே தலை வெட்டப்பட்டார்கள், 1984-இல் புனிதர்கள். கொரிய மறைசாட்சிகள் நூலில் பினாங்கு என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், தீவுக்கும் வருவதாக இருந்தால் பாலம் ஏறும் முன் காரில் அந்தப் பக்கத்தை மூத்தவளை வாசிக்கச் சொல்லுங்கள்.