புதுப்பிப்பு: கடலை பொரித்த எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ்

மார்த்தாண்டம் அருகே உள்ள எங்கள் பலகாரக் கூடத்தில், மசாலாக் கடலை (வேர்க்கடலை) பொரித்த எண்ணெயிலேயே நேந்திரங்காய் சிப்ஸும் போட்டால் கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டுக்கும் எண்ணெயையும் சட்டியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். பொரிக்கும் சூட்டில் கடலைப் புரதம் ஒவ்வாமை தரும் தன்மையை இழப்பதில்லை. வடிகட்டினாலும் நுண்துகள்கள் தங்கும். இதற்குச் சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதே தவறு.

கழுவிய பாத்திரங்களில் துடைத்தெடுத்து, கடலைப் புரதம் இருந்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டையால் (டெஸ்ட் ஸ்ட்ரிப்) சோதித்தோம். தட்டுகளில் ஒன்றும் இல்லை. பொதி இயந்திரத்தின் புனல் மூட்டில் கடலைக்கான கோடு பளிச்சென்று தெரிந்தது. கழற்றிக் கழுவி, மறுபடி சோதித்த பிறகே சிப்ஸ் ஓட்டினோம். கவனியுங்கள்: புரதம் மிக அதிகமாக இருந்தால் பட்டை ‘இல்லை’ என்றே காட்டிவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை முதலில் நீக்குங்கள்.

சிப்ஸ் மாதிரிகள் எலிசா சோதனைக்கு (கடலைப் புரதத்தின் அளவைக் காட்டும் ஆய்வகச் சோதனை) போயிருக்கின்றன. ஒரு பொட்டலம் தேறினால் போதாது. துகள்கள் சீராகப் பரவுவதில்லை.

முறுக்கில் எள் சேர்க்கிறோம். அமெரிக்கா 2023 முதல் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக உறையில் குறிப்பிடச் சொல்கிறது. நாங்களும் அடுத்த அச்சில் அதைத் தடித்த எழுத்தில் போடுகிறோம்.