பின் பலகையில் ஐந்து வரிகள்

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

பழைய கடிகாரங்களோடு அவரவருக்கு நேர்ந்ததை எழுதச் சொன்னீர்கள். என்னிடம் சொல்வதற்கு இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்றை நான் பாழாக்கினேன். அந்தப் பாடத்தால்தான் மற்றொன்று பிழைத்தது.

முதலாவது, 1998-இல் ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய செய்கோஷா சுவர்க் கடிகாரம். தோக்கியோவில் 1892-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. இன்றைய செய்கோவின் தாய்வீடு. சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் ஏறி மரப்பெட்டி கறுத்திருந்தது. பள்ளி விடுமுறையில் முற்றத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்தேன். இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன். பின் பலகையின் உட்புறத்தில் மஞ்சளேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஊறவைத்து அதையும் சுரண்டி எடுத்தேன். அதன் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. என்ன மொழி என்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு பெருமையோடு அதை ஈப்போவில் வயதான ஒரு சீனக் கடிகாரக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் வார்னிஷைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து பின் பலகையை விரலால் தடவினார். “கெர்தாஸ் மானா?” என்றார். காகிதம் எங்கே என்று கேட்கிறார். எடுத்துவிட்டேன் என்றேன். கதவை மெல்லச் சாத்தி என் பக்கம் தள்ளிவைத்தார். நான் கொடுத்த விலையில் பாதிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தக் காகிதம் என்ன செய்யும் என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் செத் தாமஸ் கடிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டிய தாளில் ஊர்ப்பெயர் பிளிமத் ஹாலோ என்று இருந்தால் ஒரு காலம், தாமஸ்டன் என்று இருந்தால் அதற்குப் பிந்திய காலம். 1860-களின் நடுவில் அந்த ஊரின் பெயரே மாறியது. ஒரு தாள், ஒரு சொல். கடிகாரத்தின் வயது தெரிந்துவிடுகிறது. ஜெர்மானியக் கடிகாரத்தில் ‘ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் அது 1887-க்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்ட ஆண்டு அது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று அச்சிட்டிருந்தால் போர் முடிந்த பிறகு, 1952-க்குள் செய்தது. இவற்றையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு மரத்தை மட்டும் பளபளக்க வைத்தால் அது வெறும் பெட்டிதான்.

இரண்டாவது 2011-இல் வந்தது. எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். என்னிடம் படித்த ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. “சார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் கடிகாரத்தைப் பழைய சாமான்காரர் 200 வெள்ளிக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?” என்றாள். கொடுக்காதே, வருகிறேன் என்று அப்போதே கிளம்பினேன்.

கூடத்துச் சுவரில் நீளமான கடிகாரம். முகப்பில் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ஜே எழுத்து. ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஊரில் 1861-இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் நிறுவனத்தின் முத்திரை. எட்டு முனை நட்சத்திரத்தை அவர்கள் பதிவு செய்தது 1890-இல். பெண்டுலத்தின் தட்டில் ஆர், ஏ என்று இரண்டு எழுத்துகள். மெதுவாக்க, வேகமாக்க எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதற்கான குறி அது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் அதையே கடிகாரத்தின் பெயராக நினைத்து ‘ஆரே கடிகாரம்’ என்பார்கள்.

கழற்றி மேசையில் படுக்கவைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நான் முதலில் தேடுவது திருகாணித் துளைகளைத்தான். எதற்கும் பயன்படாத பழைய துளைகள் பின் பலகையில் இருந்தால், வேறொரு கடிகாரத்தின் இயந்திரத்தை இந்தப் பெட்டியில் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். விலை அங்கேயே விழுந்துவிடும். இதில் ஒரு துளைகூட அதிகம் இல்லை. இயந்திரத் தகட்டிலும் அதே நட்சத்திரம் இருந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும் பழைய கண்ணாடிக்கே உரிய அலை இல்லை.

அதற்கான விடை பலகையிலேயே இருந்தது. பென்சிலில், சாய்ந்த தமிழ் எழுத்தில் ஐந்து வரிகள்:

4-6-53 கழுவி எண்ணெய்
11-2-61 ஸ்பிரிங் புதிது
1968 தீபாவளிக்கு முன் கழுவியது
1975 மகள் கல்யாணம், கண்ணாடி மாற்றியது
1-1-82 அரை மணி தள்ளியது

கடைசி வரியைப் படித்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அரை மணி முன்னே நகர்த்திய நாள் அது. இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியே நள்ளிரவு பன்னிரண்டு ஆயிற்று. அந்த இரவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா குளித்துவிட்டு வந்து கடிகாரத்தின் முன் நின்றாராம். அரைக்கு ஒரு மணி அடித்தது. பெரிய முள்ளை ஒரு விரலால் மெல்ல மெல்லப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டும் அடித்து முடியும்வரை கையை எடுக்காமல் நின்றார். பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

அவர் ஏன் அப்படி நின்றார் என்பது கடிகாரத்தின் பின்புறத்தைப் பார்த்தால் புரியும். அதில் மணியை எண்ணுவது ஓரத்தில் வெட்டுகள் கொண்ட ஒரு தட்டு. அது தன் வரிசையில் மட்டுமே நகரும். முள் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அடித்து முடிக்கவிடாமல் முள்ளைத் தள்ளினால் மூன்று மணிக்கு இரண்டு அடிக்கும். அந்தக் கிராணி தன் கடிகாரத்தை அறிந்தவர்.

அந்த வாரம் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் இன்னும் இருட்டில் போனார்கள் என்றும் சொன்னாள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தபோது மலாயாக் கடிகாரங்கள் ஒரேயடியாக ஒன்றரை மணி முன்னே போயின. அந்த இருட்டையும் அனுபவித்தவர்கள் நம் லயங்களில் இருந்தார்கள்.

இதன் மதிப்பு என்ன, வெளியில் என்ன விலை போகும் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் வாங்குவது திருட்டு என்றே நினைக்கிறேன். 900 வெள்ளி கொடுத்தேன். பிறகு வந்த ஒரு வியாபாரி, பலகையைத் தேய்த்து மெருகேற்றினால் இன்னும் நல்ல விலை வரும் என்றார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

தெலுக் இந்தான், இல்லத்தரசி:

சார், உங்கள் பதிவை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரின் சாய்ந்த கோபுரம் எல்லோருக்கும் தெரியும். 1885-இல் கட்டிய அந்தக் கோபுரத்தின் கடிகாரம் லண்டன் லட்கேட் ஹில்லில் இருந்த ஜே. டபிள்யூ. பென்சன் செய்தது. சிறுவயதில் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் அப்பா முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது மேசைக் கடிகாரம். நடு மேடாகவும் இரு பக்கமும் சரிவாகவும் இருக்கும். தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாவில் சமைத்த என் பாட்டிக்குக் கொடுத்தது. மூன்று சாவித் துளைகள் உண்டு. நடுவில் நேரத்துக்கு, இடப்புறம் மணிக்கு, வலப்புறம் கால்மணி இசைக்கு. 1793-இல் கேம்பிரிட்ஜ் தேவாலயம் ஒன்றுக்காக அமைத்து, பின்னர் லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்துக்குப் போன அதே இசை.

அது நின்றுபோனபோது பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். பிரிக்காமலேயே உள்ளே துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துக் கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் ஓடியது. பிறகு எண்ணெயும் தூசியும் சேர்ந்து கரும்பசையாகி, அச்சுகள் உட்காரும் துளைகளை அரைத்துவிட்டன. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிட்டது என்று இரண்டாவதாகப் பார்த்தவர் பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டினார். பித்தளை வளையம் போட்டுச் சரிசெய்ய 480 வெள்ளி. ‘இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரி வைத்துத் தருகிறேன், 60 வெள்ளி’ என்று இன்னொருவர் சொன்னார். பாட்டி காதில் கேட்ட சத்தம் போய்விடுமே! கொடுக்கவில்லை.

கூலிம், தொழிற்சாலை ஊழியர்:

அண்ணன், அக்கா, நான் புதியவன். பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 350 வெள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினேன். நூறு வருடப் பழையது என்றார் விற்றவர். முகப்பில் 31 நாள் என்று போட்டிருக்கிறது. மேல் அலங்காரப் பலகையும் பெயர்ந்து வருகிறது. ஓடுகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

தம்பி, 31 நாள் என்றால் ஒருமுறை சாவி கொடுத்தால் அத்தனை நாள் ஓடும் என்று பொருள். அப்படி முகப்பில் அச்சிட்டவை பெரும்பாலும் 1970, 80-களில் கொரியாவிலும் சீனாவிலும் செய்தவை. நூறு வருடம் இருக்காது. மனம் விட வேண்டாம், பழகுவதற்கு நல்ல கடிகாரம்தான். பெயர்ந்த பலகையை நீங்களாக ஒட்ட வேண்டாம்; அப்படியே எடுத்து வையுங்கள்.

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சாய்வு. முகப்பைப் பார்க்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டிக்கும் டக்கும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். நொண்டி நடப்பதுபோல் கேட்டால், பெட்டியின் அடிப்பக்கத்தை இடமாகவோ வலமாகவோ ஒரு நூலளவு நகர்த்துங்கள். சமமாகக் கேட்கும் இடத்தில் பெட்டியின் அடி ஓரத்தை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். கிராணி வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு கோடு இருந்தது.

அக்கா சொன்ன கடிகாரத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வரும் ஞாயிறு காலை எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு பழைய குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வர முடிந்தவர்கள் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். ஆளுக்கொரு டார்ச் எடுத்து வாருங்கள், அங்கே மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள்.