மிசிசாகா தண்ணீர் பில்லில் ஒரு புதிய வரி

நிரோஷன்: அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள மிசிசாகாவில் வீடு வாங்கிய பின் வந்த முதல் தண்ணீர் பில்லில் மழைநீர்க் கட்டணம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆதன வரியும் கட்டுகிறோம், குழாய்த் தண்ணீருக்கும் கட்டுகிறோம். வானத்திலிருந்து விழும் தண்ணீருக்கு எதற்காகக் கட்ட வேண்டும்?

செல்வி மாமி: நாங்கள் ஸ்காபரோவில் அப்படி எதுவும் கட்டுவதில்லை, தம்பி.

ரவி சித்தப்பா: தனியாகத் தெரியவில்லையே தவிர, நீங்களும் கட்டுகிறீர்கள், அக்கா. ஸ்காபரோவும் சேர்ந்த ரொறன்ரோவில் மழைநீர் வடிகால் செலவு குழாய்த் தண்ணீரின் விலைக்குள் அடங்கியிருப்பதால், ஏழு பேர் குளித்துத் துவைக்கும் உங்கள் வீடு நிறையவே கொடுக்கிறது. குழாய் இணைப்பே இல்லாத பெரிய வாகனத் தரிப்பிடமோ, தன்மேல் விழும் மழை முழுவதையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு ஒரு சதமும் கொடுப்பதில்லை. 2024இல் அதை மாற்ற முயன்றபோது ‘மழை வரி’ என்று எதிர்ப்புக் கிளம்பியதால் மாநகர நிர்வாகம் அந்த யோசனையை நிறுத்தி வைத்தது.

நிரோஷன்: மிசிசாகாவில் எப்படி வந்தது, சித்தப்பா?

ரவி சித்தப்பா: இங்கே முன்பு அந்தச் செலவு ஆதன வரியிலிருந்து போனது. ஆதன வரி வீட்டின் மதிப்பைப் பார்க்கிறது; வாய்க்காலுக்குப் போகும் தண்ணீருக்கும் அந்த மதிப்புக்கும் தொடர்பில்லை. 2013 யூலை 8இல் இங்குள்ள பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. வெள்ளம் புகுந்த எங்கள் பேஸ்மண்டிலிருந்து (வீட்டின் நிலத்தடித் தளம்) கம்பளத்தை வெட்டி எடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. குழாய்களுக்கும் தேக்கக் குளங்களுக்கும் நிலையான பணம் வேண்டுமென்று 2016 சனவரியில் இந்தக் கட்டணத்தைத் தொடங்கி, கூரையின் பரப்பைக் கொண்டு வீடுகளை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் ஆண்டில் மிகச் சிறிய கூரைக்கு 50 டொலர், நடுத்தரத்துக்கு 100, மிகப் பெரியதற்கு 170, பிறகு ஏறியிருக்கிறது. கடைத்தொகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் புகாத தரை முழுவதையும் அளந்து, 267 சதுர மீற்றருக்கு ஒரு கட்டண அலகு என்று கணக்கிடுகிறார்கள். பில்லை அனுப்புவது மிசிசாகாவை உள்ளடக்கிய பீல் பிராந்திய நிர்வாகம். இந்தப் பணம் போவது மிசிசாகா மாநகருக்கு.

கௌரி அக்கா: அப்படியானால் தம்பி வாகனப் பாதையை அகலப்படுத்திக் கல் பதித்தால் கட்டணம் ஏறுமா?

ரவி சித்தப்பா: ஏறாது, பிள்ளை. வீடுகளுக்குக் கூரையை மட்டுமே பார்ப்பதால், முன்றில் முழுவதையும் மூடியவரும் புல் வளர்ப்பவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். எனக்கு இதில் பிடிக்காத இடம் அதுதான்.

செல்வி மாமி: பெரிய முதலாளிகளுக்குக் குறைத்துக்கொள்ள வழி வைத்திருப்பார்களே?

ரவி சித்தப்பா: வைத்திருக்கிறார்கள். மழைநீரைத் தங்கள் நிலத்திலேயே தேக்கியோ ஊறவிட்டோ அனுப்பினால் கட்டணத்தில் 50 சதவீதம் வரை கழிவு உண்டு. தொடங்கும்போது தனி வீடுகளுக்கு அந்தக் கழிவு தரப்படவில்லை. வீடு வீடாகச் சென்று சரிபார்ப்பது பெருஞ்செலவு என்பது விளங்குகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை.

நிரோஷன்: பின்பக்கம் 12 சதுர மீற்றரில் ஓர் அறை கட்ட நினைத்திருக்கிறேன். இப்போதைய கூரை 146.

ரவி சித்தப்பா: 151ஐத் தாண்டினால் அடுத்த படி; 2016 கணக்கில் 70 டொலர் 100 ஆகும். அதற்காக அறையை விட்டுவிடாதே. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயை மட்டும் சுவரிலிருந்து தள்ளித் தோட்டத்துக்குத் திருப்பி விடு. கட்டணம் குறையாது, ஆனால் பேஸ்மண்டுக்கு நல்லது.

நிரோஷன்: அளவெடுப்பவர் சனிக்கிழமை வருகிறார். முடிந்தால் நீங்களும் வாருங்கள், சித்தப்பா.